பிரி, மொதல்ல இருந்து சொல்லு

என் கண்ணிலிருந்து ஒரு தப்பும் தப்பாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டில் சேலை முடிந்தாலும், முதலாளியிடம் கொண்டுபோவதற்கு முன்பு என்னிடம் ஒரு முறை விரித்துக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தால் போதும், "இங்க பாரு, இந்த எடத்துல எழ மாறிக்கினு இருக்குது" என்று விரலை வைத்துவிடுவேன். வைத்த விரலுக்கு நன்றி சொன்னவர்களும் உண்டு, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு.

எங்கள் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற சேலைக்கு அப்படித்தான். என் கணவர் நடுவில் உட்கார்ந்து உடலை நெய்வார். நான் அவருக்கு வலது பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, கரை நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாவைத் தள்ளுவேன். ஒருவர் எழுந்துவிட்டால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நெய்துகொண்டே போகும்போது எங்காவது ஓர் இழை மாறிப் போனால் முதலில் பார்ப்பது நான். "பிரி" என்பேன். அவர் முனகிக்கொண்டே கையை நிறுத்துவார். தப்பு விழுந்த இடம் நாலு விரல் கீழே இருந்தால், அந்த நாலு விரல் அளவுக்கும் போட்ட நூலை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு அங்கிருந்து திரும்ப நெய்ய வேண்டும். தப்பைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மேலே போகிற பழக்கம் எங்களிடம் இல்லை. போனால் சேலை வீட்டுக்கே திரும்பி வரும்.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் நான் என் மகளின் படிப்பைக் கெடுக்கப் பார்த்தேன்.

அவள் எங்களுக்கு ஒரே பெண். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்து எட்டு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள், என் கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு பேர் குத்திக் குத்திப் பார்த்துவிட்டுப் போன பிறகு, மூன்றாவதாக வந்த ஒரு நர்ஸம்மா ஒரே குத்தில் ஊசியை ஏற்றியதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், "ம்மா, நான் நர்ஸ்தான் ஆவப்போறேன்" என்றாள். எங்கள் ஊரிலேயே ஒரு பள்ளியில் பதினோராவதில் நர்சிங் பிரிவு இருப்பதையும் அவளே விசாரித்து வைத்திருந்தாள். பத்தாவது பாஸ் ஆக வேண்டும், அவ்வளவுதான். கணக்கு, அறிவியல் எல்லாம் ஓடிவிடும். காலை வாரிவிட்டது இங்கிலீஷ்தான். காலாண்டுத் தேர்வில் முப்பத்தொன்று. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும்.

நாலு மார்க்குதானே என்று நினைத்தேன். நான் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்து எல்லாம் தெரியும், கூட்டிக் கூட்டிப் படிக்கவும் வரும், அர்த்தம் மட்டும் தெரியாது. அர்த்தம் எதற்கு? அவள் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும், நான் நோட்டில் விரல் வைத்துக்கொண்டே வந்து தப்பைப் பிடிக்க வேண்டும். தப்பைப் பிடிக்க என்னை விட்டால் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

விடியற்காலை ஐந்து மணிக்கு அவளை எழுப்பிவிடுவேன். பல் துலக்கி முகம் கழுவி வந்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்காருவாள். நான் டியூப்லைட்டுக்குக் கீழே நோட்டும் கையுமாக உட்காருவேன். தண்ணீரைச் சேமிப்பது பற்றி ஒரு கட்டுரை, லீவ் லெட்டர் ஒன்று, பாடத்திலிருந்து பத்துப் பதினைந்து கேள்வி பதில். அவள் கடகடவென்று ஆரம்பிப்பாள். நாலாவது வரியில் ஒரு வார்த்தை தடுக்கும்.

"பிரி" என்பேன். "மொதல்ல இருந்து சொல்லு."

முதல் நாள் சிரித்தாள். "ம்மா, இது இன்னா தறியா?"

"தறியோ தலகாணியோ, தப்புன்னா தப்புதான். மொதல்ல இருந்து."

மறுபடியும் முதல் வரியிலிருந்து வருவாள். இந்த முறை ஆறாவது வரியில் நிற்கும். பிரி. திரும்ப வருவாள். எட்டாவது வரி. பிரி. ஒரு கட்டுரையை முழுசாக ஒரு தடவை சொல்லி முடிப்பதற்குள் ஆறரை மணி ஆகிவிடும், தறிக்கு நேரமாகிவிட்டது என்று அவர் குரல் கொடுப்பார். பத்துப் பதினைந்து நாளில் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். வார்த்தை தடுக்கியதும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தானாகவே முதல் வரிக்குப் போய்விடுவாள். பரவாயில்லையே, பெண் நம்ம வழிக்கு வந்துவிட்டாளே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. என் தலையெழுத்து, நான் குளிர்ந்தே போனேன்!

அரையாண்டுத் தேர்வுக்குப் போவதற்கு முந்தின நாள் அந்தத் தண்ணீர்க் கட்டுரையை ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னாள். நான் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு அவள் முன்னாலும் ஒரு முறை சொல்லவைத்தேன்.

இங்கிலீஷில் பதினேழு வாங்கியிருந்தாள்.

பேப்பர் கொடுத்த அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து போன் வந்தது. அம்மாவோ அப்பாவோ வந்து பார்க்க வேண்டுமாம். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன், அவர் தறியிலிருந்து எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தார். அவர் கத்துகிற ஆளில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"முப்பத்தொண்ணு இருந்துச்சு. நீ ஒக்காந்து சொல்லிக் குடுத்து பதினேழு ஆயிருக்குது. ரெண்டு பேரும் காலைல காலைல இன்னாதான் பண்ணிக்கினு இருந்தீங்க?"

பதில் தெரியாதபோது எனக்கு வாய் அதிகமாகும். "அந்த டீச்சர் ஒழுங்கா திருத்தியிருக்க மாட்டா. நான் போயி ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்" என்றேன்.

"பாரு, பாரு. சேலைக் கடையில ஆளு கேட்டுக்கினு இருக்காங்க. தெரிஞ்ச எடம், பாதுகாப்பான எடம். இதுக்கு மேல இந்த இங்கிலீஷக் கட்டிக்கினு பாப்பா அழுவணுமா? சித்திரையில வந்து சேரட்டும்னு சொல்லிடப் போறேன்."

உள்ளே அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள். காதில் விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் ஓர் அறையில் பேசினால் மூன்று அறையிலும் கேட்கும்.

மறுநாள் அவளையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். இங்கிலீஷ் டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். நான் உட்காராமலே ஆரம்பித்தேன். "எம் பொண்ணு தலகீழா சொல்லுவா மிஸ். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. தெருவுல வந்து கேளுங்க, சாட்சி இருக்குது. பதினேழுன்னா அது இன்னா கணக்கு?"

அவர் கோபப்படவில்லை. "ஒக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, பீரோவிலிருந்து விடைத்தாளை எடுத்து என் முன்னால் பிரித்து வைத்தார். "நீங்களே பாருங்க."

பார்த்தேன். எனக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் எழுத்துத் தெரியும். அந்தத் தண்ணீர்க் கட்டுரையின் முதல் வரி எனக்கு நன்றாகத் தெரியும், நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஒரு பக்கத்தின் உச்சியில் அந்த வரி இருந்தது. அதன் கீழே இரண்டாவது வரி, மூன்றாவதில் பாதி. அந்த மூன்றின் மேலும் நேராகக் கோடு போட்டு அடித்திருந்தாள். கீழே மறுபடியும் அதே முதல் வரி. ஐந்து வரி வரை போய் மறுபடியும் அடித்திருந்தது. அதற்குக் கீழே மறுபடியும் முதல் வரி. பக்கத்தைத் திருப்பினேன். அங்கேயும் முதல் வரிதான். மொத்தம் ஏழு தடவை. ஏழையும் அடித்திருந்தாள். அதற்குப் பிறகு பெல் அடித்திருக்க வேண்டும். முன் பக்கத்துச் சின்னச் சின்னக் கேள்விகளுக்குத்தான் அந்தப் பதினேழு; லெட்டர், மற்ற பெரிய கேள்விகள், எதையும் தொடவே இல்லை.

"மூணு மணி நேரமும் பேப்பர் மேலயே குனிஞ்சிக்கிட்டு இருந்தாம்மா. நான்தான் சூப்பர்வைசர். தலையையே தூக்கல" என்றார் டீச்சர்.

என் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது?"

"ஒரு வார்த்த மறந்துட்டேம்மா" என்றாள். "அதான்... பிரிச்சிக்கினே இருந்தேன்."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன பிரிச்சே?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன். தறியில் நாங்கள் செய்வதை, விடியற்காலை நான் செய்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என்னைப் பிடிக்காமல் போயிற்று. ஆரம்பித்த வேகத்தில் கத்திக்கொண்டு போனவள், முடிக்கும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். அவர் என் பெண்ணை அனுப்பிவிட்டு என்னிடம் மெதுவாகப் பேசினார். "சேலையில ஒரு தப்பு இருந்தா அது முழுசுக்கும் தப்பும்மா. பேப்பர்ல அப்படி இல்ல. ஒரு வரி தப்பா இருந்தா அந்த வரிக்குத்தான் மார்க் போவும். மத்த வரிக்கு நாங்க குடுப்போம். ஆனா அவ மேல போவணும். எழுதாத கேள்விக்கு நான் எங்கருந்து மார்க் போடறது?"

"இப்ப நான் இன்னா பண்ணணும் மிஸ்?"

"தினமும் ஒரு கால் மணி நேரம் அவ உங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசட்டும். ஸ்கூல்ல நடந்தது, தெருவுல பார்த்தது, எதுவா இருந்தாலும் சரி. வார்த்த வரலன்னா தமிழ் போட்டுக்கட்டும். நீங்க நடுவுல நிறுத்தக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே."

"அதான் நல்லது. உங்களுக்குப் புரிய வைக்கணும்னு அவ பாடுபடட்டும்."

ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். என்னைப் பார்த்து இதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். என் வீட்டுக்காரருக்குக்கூட அந்தத் தைரியம் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். "இனிமே நோட்டு வேணாம். நீ பேசு, நான் கேக்கறேன்." அவள் சொன்னாள், "நீ பக்கத்துல ஒக்காராதம்மா. நீ பக்கத்துல இருந்தா எனக்கு வாயே வர மாட்டேங்குது."

பெற்ற பெண் அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அடுப்படிக்குப் போய் ஒரு மூச்சு அழுதேன். கோபமும் வந்தது. யாருக்காக ஐந்து மணிக்கு எழுந்தேன், எனக்கா பரீட்சை? ஆனால் அந்த ஏழு வரிகளும் கண் முன்னாலேயே நின்றன. ஏழும் ஸ்கேல் வைத்து அடித்த மாதிரி அத்தனை நேராக அடித்திருந்தாள். அத்தனை பொறுமையாக அடித்திருக்கிறாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று நாள் காலையில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். "குட் மார்னிங்" என்பாள், ஒரு வரி சொல்வாள், ஒரு வார்த்தை வராது, என் முகத்தைப் பார்ப்பாள், "குட் மார்னிங்" என்று மறுபடியும் ஆரம்பிப்பாள். நான் "பரவால்ல, மேல சொல்லு" என்று சொன்னதுகூட அவள் காதில் "பிரி" என்றுதான் விழுந்திருக்க வேண்டும். என் வாய் எப்படித் திறந்தாலும் அவளுக்கு அது ஒன்றுதான்.

நாலாவது நாள் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு மடக்கு வாயில் ஊற்றிக்கொண்டேன், விழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. கையால் பேசு என்று ஜாடை காட்டினேன்.

"இன்னாம்மா பண்ற?"

வாயைக் காட்டினேன். தண்ணீர் இருக்கிறது, என்னால் பேச முடியாது என்று தலையாட்டினேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே உற்றுப் பார்த்தாள். இது எத்தனை நேரம் தாங்கும் என்று பார்த்தாளோ என்னவோ, பேச ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. என் கன்னத்தைப் பார்த்தாள். நான் அசையவில்லை. உள்ளே நாக்கு படாதபாடு பட்டது. அவள் அந்த இடத்தில் தமிழ் வார்த்தையைச் சொருகிவிட்டு மேலே போனாள். முதல் தடவையாக மேலே போனாள்.

அப்புறம் தினமும் இதுதான். அவள் பேசி முடித்த பிறகு நான் தண்ணீரைத் துப்பிவிட்டு, எனக்கு என்ன புரிந்தது என்று தமிழில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவள் எழுந்து நின்று கையைக் காலை ஆட்டி இங்கிலீஷிலேயே மறுபடியும் விளக்குவாள். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர்கள் சாயம் போட்டுக் காயவைத்திருந்த நூலை ஒரு ஆடு தின்ற கதையைச் சொன்னாள். அந்த ஆடு வாயெல்லாம் சிவப்பாகத் தெருவில் நடந்து போனதை, அந்த வீட்டு அம்மா ரத்தம் என்று நினைத்துக் கூச்சல் போட்டதை, ஆடு மாதிரியே வாயை அசைபோட்டுக்கொண்டு நடந்து காட்டினாள். எனக்கு அடக்க முடியவில்லை. குபீரென்று வாயிலிருந்த தண்ணீர் முழுவதும், அப்போதுதான் எழுந்து வந்த அவர் சட்டை மேல் போய் விழுந்தது.

"ரெண்டு பேருக்கும் பைத்தியம் பிடிச்சிக்கிச்சா?" என்று கத்தினார். அப்படிக் கத்துவதே எனக்குப் புதிதாக இருந்தது. சட்டையைத் துடைத்துக்கொண்டே, "இன்னா சொன்னா அப்டி?" என்று கேட்டார். ஆட்டுக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன்.

"அவ இங்கிலீஷ்லதான சொன்னா? ஒனக்கு எப்டி புரிஞ்சுது?"

"அவ சொன்னா, எனக்குப் புரிஞ்சுது" என்றேன். அதற்கு மேல் எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

அவர் ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டே குளிக்கப் போனார். மனசு மாறிவிட்டது என்று நான் நினைத்தேன். மாறவில்லை. மாசி மாதம் திருப்புதல் தேர்வு நடந்தது. அதில் பாஸ் ஆகவில்லையென்றால் கடைக்குத்தான் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பெண் ஃபெயில் ஆகி வீட்டில் உட்கார்ந்துவிட்டால் கடையில் அந்த இடமும் போய்விடும் என்ற பயம் அவருக்கு. இரண்டும் இல்லாமல் போய்விடக் கூடாது என்பார்.

திருப்புதலில் முப்பத்துமூன்று வந்தது. பதினேழிலிருந்து முப்பத்துமூன்று! தறியில் உட்கார்ந்தபடியே நான் துள்ளினேன். அவர் துள்ளவில்லை.

"பாஸ் முப்பத்தஞ்சுதான?"

"எல்லாக் கேள்வியும் எழுதியிருக்கா. ஒண்ணுகூட விடல. அத பாருங்க."

"ரெண்டு மார்க் கொறையுதா இல்லையா? பேசனது பேசனதுதான். கடக்காரர் கிட்ட இன்னிக்கு சொல்லிடறேன்."

மகள் கதவோரம் நின்றிருந்தாள். அவள் உதடு அசைவதைப் பார்த்தேன், அந்தத் தண்ணீர்க் கட்டுரையின் முதல் வரி. முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். இத்தனை நாள் மெனக்கெட்டு வெளியே கொண்டுவந்தவள், இந்த ஒரு பேச்சில் திரும்பிப் போகப் பார்க்கிறாள்.

நான் தறியிலிருந்து எழுந்தேன். தறியில் இருந்தது பங்குனியில் ஒரு கல்யாணத்துக்கான அரக்கு நிறச் சேலை, பச்சைக் கரை, முந்தானைக்கு இன்னும் ஒரு முழம் பாக்கி. முதலாளி தினமும் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க போற?"

"கடைக்குப் போறேன்னு சொன்னீங்க இல்ல, போங்க. போயி சொல்லுங்க. நான் இனிமே கரையில கை வைக்க மாட்டேன்."

"கல்யாணச் சேல."

"தெரியுது."

"வெளையாடாத."

"அவ வெளையாட்டா எழுதினான்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா? ஏழு தபா பிரிச்சா அவ. நான் பிரிக்கச் சொன்னேன்னு பிரிச்சா. தப்பு பண்ணது நான். என்னிய கடையில கொண்டுபோயி வுடுங்க. பப்ளிக் எழுதி முடிக்கற வரைக்கும் அவள பத்தி ஒரு வார்த்த யார்கிட்டயும் பேசக் கூடாது."

அன்று முழுவதும் தறி நின்றது. மறுநாளும் நின்றது. தெருவில் எங்கள் வீட்டுச் சத்தம் மட்டும் கேட்காமல், யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று பக்கத்து வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் தனியாக உட்கார்ந்து பார்த்தார். ஒரு பக்கத்து நாடாவை எழுந்து எழுந்து தள்ளினால் எத்தனை இழை ஓடும்? மதியம் முதலாளியின் ஆள் வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது, நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், முறத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஆள் போன பிறகு அவர் வந்து என் முன்னால் குந்தினார்.

"சரி. பப்ளிக் எழுதட்டும்."

"ரிசல்ட் வர வரைக்கும் பேச மாட்டீங்க."

"பேச மாட்டேன். வந்து ஒக்காரு."

உட்கார்ந்தேன். அன்றைக்கு மட்டும் மூன்று இடத்தில் நானே தப்பாகத் தள்ளி, மூன்று இடத்திலும் அவர்தான் "பிரி" என்றார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

இங்கிலீஷ் பரீட்சை அன்று கோயிலில் பங்குனித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. சாமி புறப்பாட்டுக்கு ஆட்டோவைத் திருப்பிவிட்டிருந்தார்கள். இரண்டு பேரும் பாதித் தூரம் நடந்தோம். வழியெல்லாம் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்குச் சாமானிய விரதமில்லை. பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் அவரவர் பெண்களைப் பற்றிப் பேச்சு. நான் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டேன். அங்கே யாரிடமும் பேசாமல் இருப்பதற்கு அது ஒன்றுதான் வழி.

பெல் அடித்து வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூட்டத்தைத் தாண்டி வரும் வரை பொறுத்தேன்.

"கட்டுரையில ஒரு வரி தப்பும்மா" என்றாள். "எழுதறப்பவே தெரிஞ்சுது."

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்புறம்?"

"வுட்டுட்டு மேல போயிட்டேன். பெல்லு அடிக்கறதுக்கு பத்து நிமிஷம் இருக்கறப்பவே முடிச்சிட்டேன். அப்புறமா போயி அத சரி பண்ணேன்."

ரோடு என்றும் பார்க்காமல் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ரிசல்ட் போனில் வந்தது. நாற்பத்தாறு. அவர் மூன்று தடவை போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். "எங்க?" என்றேன். "கடக்காரர் கிட்ட வேற ஆள பாத்துக்கச் சொல்லிட்டு வரேன்" என்று செருப்பைத் தேடினார்.

ஆனால் அத்தோடு முடியவில்லை. நர்சிங் பிரிவில் இடம் கொஞ்சம்தான். சேரப் போன அன்று அந்தப் பள்ளித் தலைமையாசிரியை அவளுடைய மார்க் கார்டையும் வருஷத்து ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளியே வராந்தாவில் இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். காலாண்டு முப்பத்தொன்று, அரையாண்டு பதினேழு, திருப்புதல் முப்பத்துமூன்று, பப்ளிக் நாற்பத்தாறு. பேனாவின் முனை பதினேழின் மேல் நின்றது. தலையைத் தூக்காமலே மகளை இங்கிலீஷில் ஏதோ கேட்டார். இங்கே என்ன ஆயிற்று என்றுதான் கேட்டிருக்க வேண்டும். அது எனக்கே புரிந்தது.

அவள் பதில் சொல்லவில்லை. வார்த்தை வராமல் இல்லை, எனக்குத் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அம்மாவைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. தலைமையாசிரியை பேனாவை மூடினார். நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. இந்தப் பெண் பேசத் தெரியாமல் நிற்கிறாள் என்று நினைத்துவிட்டார். என்னால் ஒரு முறை கெட்டது போதாதா, இப்போதும் என்னாலேயே கெட வேண்டுமா?

நாற்காலியிலிருந்து எழுந்தேன். "குட் மார்னிங் மேடம்" என்றேன். அப்போது மதியம் இரண்டு மணி.

"தட் மார்க்... மை மிஸ்டேக். ஐ மதர். டெய்லி ஐ..."

நின்றுவிட்டது. பிரிப்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்குத் தெரியாது. வராந்தாவில் இருந்தவர்கள்கூடக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. திரும்ப குட் மார்னிங்கிலிருந்து ஆரம்பித்துவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் இரண்டு கன்னத்தையும் உப்பவைத்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடி நின்றாள். வாயில் தண்ணீர் ஏது, வெறும் காற்றுதான். கண்ணில்தான் தண்ணீர் இருந்தது.

"டெய்லி ஐ பிரி, பிரி" என்றேன். கையால் நூலை உருவிக் காட்டினேன். "ஷி க்ரை. எக்ஸாம் ஃபுல் பிரி. ஸோ செவன்டீன். தென் ஐ வாட்டர் இன் மவுத். நோ டாக்கிங். ஒன்லி ஷி டாக்கிங். கோட் ஸ்டோரி, ஆல் ஸ்டோரி. நவ் ஃபார்ட்டி சிக்ஸ். குட் கேர்ள் மேடம். நாட் ஹெர் மிஸ்டேக்."

முடித்துவிட்டேன். எத்தனை தப்பு இருந்ததோ, எனக்குத் தெரியாது. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மகளிடம், "அம்மா சொல்றது நெஜமா? தண்ணியா?" என்று கேட்டார். அவள் கன்னத்தை இறக்கிக்கொண்டு, ஆடு நூல் தின்ற கதையிலிருந்து ஆரம்பித்து இங்கிலீஷிலேயே சொல்லத் தொடங்கினாள். நடுவில் இரண்டு இடத்தில் தடுக்கியது. இரண்டு இடத்திலும் தமிழைப் போட்டுக்கொண்டு நேராக மேலே போனாள்.

அவள் முடித்ததும் தலைமையாசிரியை சேர்க்கை விண்ணப்பத்தைக் கையெழுத்துக்காக என் பக்கம் தள்ளினார். அவசரத்தில் என் பெயரில் ஓர் எழுத்து கோணலாகப் போய்விட்டது. அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.